விண்டோஸ் 11-க்கு மாறும் முன்: வீட்டுக் கணிப்பொறியில் கணக்கு வைத்திருப்போர் கவனத்துக்கு



விண்டோஸ் 10 என்னும் இயக்க மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்துவிட்டன. 2015 ஜூலை 29-இல் வெளிவந்த மென்பொருள் அது. பத்தாண்டுக் காலம் நம்மில் பலர் வீட்டிலும் கடையிலும் அதை வைத்தே வேலை பார்த்தோம். அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, 2021 அக்டோபர் 5-இல் வெளிவந்தது. முறையான உரிமத்தோடு விண்டோஸ் 10 ஓடும் கணிப்பொறி, தகுதி இருக்குமானால், பணம் கொடுக்காமலே 11-க்கு மாறிக்கொள்ளலாம். "மேம்படுத்திக்கொள்ளுங்கள், இலவசம்" என்று திரையில் அடிக்கடி வந்து நிற்பது இதுதான்.

பெயருக்குத்தான் அது வீட்டுக் கணிப்பொறி. பகலில் பிள்ளைகள் பாடத்துக்குப் பயன்படுத்துவார்கள். இரவில் கடையை அடைத்துவிட்டு வந்தபின் அன்றைய பில்களை ஏற்றுவதும், யார் யார் எவ்வளவு பாக்கி என்று பார்ப்பதும், மாதம் பிறந்தால் ஜிஎஸ்டி படிவத்துக்கு எண்களை எடுப்பதும் அதே கணிப்பொறியில்தான். மளிகை மொத்த வியாபாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். நூறு சில்லறைக் கடைகளுக்கு முப்பது நாள் தவணையில் சரக்குப் போடுகிறார். கடைக்குச் சராசரி இருபதாயிரம் ரூபாய் என்றாலே வெளியில் நிற்கும் பணம் இருபது லட்சம். அந்த இருபது லட்சத்துக்கு உள்ள முழுக் கணக்கும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கிறது. மென்பொருள் மாற்றத்துக்கு விலை இல்லை. ஏட்டுக்கு விலை உண்டு. ஆகவே இக்கட்டுரையில் பொத்தானை அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியே அதிகம் சொல்லப் போகிறோம்.

திருத்தங்கள் நின்றுபோனால் என்ன?

விண்டோஸ் 10-இன் காலம் முடிந்ததால் கணிப்பொறி நின்றுவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நிற்காது. டாலி திறக்கும், பில் அச்சாகும், எல்லாம் நேற்றுப் போலவே நடக்கும். இங்கேதான் ஆபத்து. கடையின் பூட்டுக்குக் கள்ளச்சாவி செய்யும் முறை ஊரில் பரவிவிட்டது, பூட்டுக் கம்பெனிக்காரரோ பழைய பூட்டை இனிமேல் திருத்தித் தரமாட்டேன் என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவும் பூட்டு பூட்டத்தான் செய்யும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

2017-இல் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14-இல் வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, மே 12-இல், 'வான்னாக்ரை' என்னும் கொள்ளை நிரல் அதே ஓட்டை வழியாக உலகெங்கும் புகுந்தது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் மாட்டிக்கொண்டன. உள்ளே இருந்த கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறந்துவிட 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கொடு என்று திரையில் எழுதிக் காட்டியது. இங்கிலாந்தில் பல அரசு மருத்துவமனைகளே தடுமாறிப்போயின. மாட்டிக்கொண்டவற்றில் மிகப் பெரும்பாலானவை, திருத்தம் வந்தும் அதை ஏற்றிக்கொள்ளாத கணிப்பொறிகள். திருத்தமே வராத கணிப்பொறியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மாறத்தான் வேண்டும். ஆனால் அவசரமாக மாற வேண்டாம் என்பது நம் கருத்து.

முதலில் ஏட்டுக்கு நகல்

புதுக் கிட்டங்கிக்குச் சரக்கை மாற்றுகிறவர் முதலில் இருப்பு எடுப்பார். கணிப்பொறியிலும் அதே முறைதான். எதெது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். டாலி பயன்படுத்துவோரின் கணக்கு, மென்பொருள் காட்டும் தரவு ஃபோல்டருக்குள் 10000 போன்ற ஓர் எண்ணைப் பெயராகக் கொண்ட உள் ஃபோல்டரில் இருக்கும். இரண்டு நிறுவனப் பெயரில் வணிகம் செய்கிறவர்களுக்கு இரண்டு எண்கள். பழைய ஆண்டுக் கணக்கைத் தனியே பிரித்து வைத்தவர்களுக்கு அதற்கும் ஓர் எண் இருக்கும். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நடப்பு ஆண்டை மட்டும் நகல் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்.

பழைய ஆண்டு எதற்கு என்று கேட்கலாம். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, அந்தந்த ஆண்டுக்கான வருடாந்திரப் படிவத்தின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் முடியும்வரை கணக்கு ஏடுகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. 2023-24 நிதியாண்டுக்கான வருடாந்திரப் படிவத்தின் கெடு 2024 டிசம்பர் 31. எனவே அந்த ஆண்டுக் கணக்கை 2030 டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடோ வழக்கோ நடந்துகொண்டிருந்தால் இன்னும் நீளலாம். நோட்டீஸ் வரும் நாளில் "கணிப்பொறி மாற்றும்போது போய்விட்டது" என்று சொல்லித் தப்ப முடியாது.

கணக்கு மென்பொருளைத் தவிர வேறு என்னென்ன இருக்கின்றன? எக்செலில் போட்ட விலைப்பட்டியல்கள், சரக்கு அனுப்பியோர் மின்னஞ்சலில் அனுப்பிய பில்கள், வங்கி அறிக்கைகள், பார்கோடு லேபிள் வடிவங்கள், கடை வாடகை ஒப்பந்தத்தின் ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ்கள், குடும்பப் புகைப்படங்கள். இவை பெரும்பாலும் 'டெஸ்க்டாப்', 'டாக்குமென்ட்ஸ்', 'டவுன்லோட்ஸ்' என்னும் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும். மூன்றையும் முழுதாகவே நகல் எடுத்துவிடுங்கள். பொறுக்கி எடுக்கப் போனால் ஏதாவது ஒன்று விடுபடும்.

நகலை எதில் வைப்பது? வெளியில் செருகும் வன்தட்டு ஒன்று வாங்குவதே சிறந்தது. பென் டிரைவ் கைமாற்றுக்கு உதவும். ஆண்டுக்கணக்கில் பாதுகாக்க அதை நம்பக் கூடாது. ஒரு நகல் போதாது, இரண்டு வேண்டும். ஒன்று வீட்டில், மற்றொன்று கடையில் அல்லது உறவினர் வீட்டில். நகல் எடுத்து முடித்ததும் வன்தட்டைக் கழற்றிவிட வேண்டும். செருகியபடியே விட்டால், மேலே சொன்ன கொள்ளை நிரல் புகும் நாளில் மூலத்தையும் நகலையும் சேர்த்தே பூட்டிவிடும். உறையின் மேல் தேதியை எழுதி ஒட்டுங்கள்.

கடவுச்சொற்கள் தனிக் கதை. ஜிஎஸ்டி தளம், வருமான வரித் தளம், மின்வழிச் சீட்டுத் தளம் ஆகியவற்றின் கடவுச்சொற்களைப் பிரௌசரே நினைவில் வைத்துக்கொள்வதால் நமக்கு மறந்தேபோய்விடுகிறது. மாற்றத்துக்கு முன் அவற்றை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் பூட்டி வையுங்கள். கணிப்பொறி வல்லுநர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். வீட்டு பீரோவுக்குள் எட்டிப்பார்க்கும் திருடனைவிட, கெடு நாளன்று கடவுச்சொல் தெரியாமல் விழிப்பதே நம்மவர்களுக்குப் பெரிய தொல்லை என்பதால் சொல்கிறோம்.

நகல் உயிரோடு இருக்கிறதா?

எல்லோரும் விட்டுவிடும் வேலை இது. நகல் எடுத்தாயிற்று என்பதோடு நின்றுவிடுவார்கள். அந்த நகலைத் திறந்து பார்த்தவர் பத்துப் பேரில் ஒருவர்கூட இருக்கமாட்டார். கோப்பின் பெயர் இருக்கும், அளவு இருக்கும், உள்ளே பாதியில் கெட்டுப்போயிருக்கலாம். அல்லது தவறான நிறுவனத்தின் நகலாக இருக்கலாம். மாதிரி மூட்டையைக் குத்திப் பார்க்காமல் அரிசி லோடு இறக்குகிறவர் நம்மில் யாரும் இல்லை. நகலையும் அப்படித்தான் குத்திப் பார்க்க வேண்டும்.

முறை எளிது. நகல் எடுக்கும் முன் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசி விற்பனை பில்லின் எண், ரொக்கக் கையிருப்பு, வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய மொத்தப் பாக்கி, சரக்கிருப்பின் மதிப்பு. பிறகு 'பேக்கப்' கட்டளையால் நகல் எடுத்து, 'ரீஸ்டோர்' கட்டளையால் அதை வேறொரு கணிப்பொறியில் ஏற்றுங்கள். கடையில் உள்ள கணிப்பொறியாக இருக்கலாம், ஆடிட்டர் அலுவலகத்தில் உள்ளதாகவும் இருக்கலாம். நான்கு எண்களும் ஒத்துவந்தால் அந்த நகல் நல்ல நகல். ஒன்று மாறினாலும் மேற்கொண்டு போகாதீர்கள்.

வேறு கணிப்பொறி கிடைக்காதபோது அதே கணிப்பொறியிலேயே சோதிக்கலாம். ஆனால் அதற்கென்று புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அதில்தான் ரீஸ்டோர் செய்ய வேண்டும். நடப்புக் கணக்கு இருக்கும் அதே ஃபோல்டரில் செய்தால், பழைய நகல் புதிய கணக்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். சோதிக்கப் போய்க் கணக்கைத் தொலைத்த கதையாகிவிடும். ஆடிட்டர் அலுவலகத்தில் டாலியின் புதிய பதிப்பு இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். புதிய பதிப்பில் திறந்து மாற்றப்பட்ட கணக்கு, பழைய பதிப்பில் திறக்காமல் போகலாம். எனவே அங்கே திறந்து பார்த்ததைத் திரும்பக் கொண்டுவந்து ஏற்றாதீர்கள். பார்ப்பதற்கு மட்டும் அது.

தகுதி பார்த்தல்

எல்லாக் கணிப்பொறியும் விண்டோஸ் 11-ஐ ஏற்காது. இரண்டு கோர் உள்ள 64 பிட் பிராசஸர், 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பு ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள் என்று நிறுவனம் சொல்கிறது. இவற்றைப் பெரும்பாலான கணிப்பொறிகள் தாண்டிவிடும். தடையாக நிற்பவை வேறு இரண்டு: பிராசஸரின் தலைமுறை, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு.

செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதில் 'அபௌட்' என்று போனால் பிராசஸரின் பெயர் தெரியும். இன்டெல் கோர் வகையில் ஐ3, ஐ5 என்பதை அடுத்து வரும் எண்ணே தலைமுறையைச் சொல்லிவிடும். ஐ5-7400 என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8400 என்றால் எட்டாம் தலைமுறை, ஐ5-10400 என்றால் பத்தாம் தலைமுறை. எட்டும் அதற்கு மேலும் தகுதி பெறும். ஏழும் அதற்குக் கீழும், ஓரிரு விலக்குகள் தவிர, பெறாது. ஏஎம்டி, பென்டியம், செலரான் வைத்திருப்பவர்கள் எண்ணைக் கொண்டு ஊகிக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச நிரல் கிடைக்கிறது. அதை ஓடவிட்டால் தகுதி உண்டா இல்லையா, இல்லையென்றால் எது குறை என்று சொல்லிவிடும்.

அந்த நிரல் "டிபிஎம் இல்லை" என்று சொன்னதும் மனம் தளர வேண்டாம். சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களிலும் உதிரி பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்த கணிப்பொறிகள் பலவற்றில் இந்த வசதி உள்ளேயே இருக்கும், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் பலகைகளில் அதற்குப் பிடிடி என்று பெயர்; ஏஎம்டி பலகைகளில் எஃப்டிபிஎம். கணிப்பொறியை இயக்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயாஸ் பகுதிக்குள் போய் அதை இயக்கிவிடலாம். இதற்காகப் புதுக் கணிப்பொறியே வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால், இன்னொருவரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆனால் பயாஸில் கை வைக்கும் முன் இரண்டு எச்சரிக்கை. சில மடிக்கணினிகளில் வன்தட்டு முழுவதும் 'பிட்லாக்கர்' அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' முறையில் மறைகுறியாக்கப்பட்டிருக்கும். பயாஸில் மாறுதல் செய்ததும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் உள்ளே இருப்பது யாருக்கும் கிடைக்காது, நமக்கும்தான். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். முன்னதாகவே பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, பழைய 'லெகசி' முறையில் துவங்கும்படி நிறுவிய கணிப்பொறியை 'யூஇஎஃப்ஐ' முறைக்கு மாற்ற வேண்டியிருந்தால், வன்தட்டின் பகிர்வு அமைப்பையும் முதலில் மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் முறையை மட்டும் மாற்றினால் விண்டோஸ் துவங்காது. இது தெரிந்தவர் கையில் விட வேண்டிய வேலை. அவரை அழைப்பதும் நகலைச் சோதித்த பிறகே.

குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி என்றாலும், 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி சேமிப்பும் இல்லாமல் விண்டோஸ் 11-ஐ ஓட்டுவது, மாட்டு வண்டியில் லாரி லோடு ஏற்றுவது போன்றது. செலவு செய்வதென்றால் முதலில் எஸ்எஸ்டிக்குச் செய்யுங்கள்.

பழைய நிரல், பிரிண்டர், எழுத்துரு

இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஊர்ப் பையன் ஒருவர் ஃபாக்ஸ்புரோவில் எழுதிக்கொடுத்த பில்லிங் நிரலை இன்றும் பயன்படுத்தும் கடைகள் உண்டு. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மின்னல் வேகம். கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். மவுஸைத் தேடாமல் நிமிடத்துக்கு மூன்று பில் போடும் நிரலை நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். டாஸ் காலத்து 16 பிட் நிரல்கள் 32 பிட் விண்டோஸில் ஓடும்; 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11-இல் 32 பிட் வகையே கிடையாது. 'டாஸ்பாக்ஸ்' போன்ற இடைநிரல் வழியாக ஓட்டலாம்; ஆனால் அச்சிடுவதில் சிக்கல் வரலாம். இப்படிப்பட்ட நிரல் வைத்திருப்பவர்கள் வேறொரு கணிப்பொறியில் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்காமல் மாறவே கூடாது. உங்கள் விண்டோஸ் 10 தற்போது 32 பிட் வகையாக இருந்தால், மேலோட்டமாக மேம்படுத்தவும் முடியாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். நகலின் அருமை அப்போது புரியும்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், தெர்மல் பில் பிரிண்டர், லேபிள் பிரிண்டர், எடைத் தராசின் இணைப்பு, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் 11-க்கான டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்து, இறக்கி, பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். தனியார் லிமிடெட் நிறுவனமாகவும் எல்எல்பியாகவும் பதிவு செய்தவர்கள் ஜிஎஸ்டி படிவத்தில் டோக்கன் கொண்டுதான் கையொப்பமிட வேண்டும் என்பதால், அவர்களுக்கு இது மிக முக்கியம். தனி உரிமையாளர்கள் கைபேசிக்கு வரும் ஓடிபி கொண்டு சமாளித்துக்கொள்ளலாம்.

தமிழில் பில் அடிப்பவர்களும், விலைப்பலகை அச்சிடுபவர்களும் பழைய எழுத்துருக்களை மறந்துவிடக் கூடாது. பாமினி, வானவில் போன்றவற்றில் அடித்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். மேம்படுத்தும்போது எழுத்துருக்கள் அப்படியே இருக்கும். அழித்துவிட்டு நிறுவினால் போய்விடும். எழுத்துருக் கோப்புகளையும் நகலில் சேருங்கள்.

எந்த நாளில் செய்வது?

நாள் பார்ப்பது நம் வழக்கம். இதற்கும் பார்க்க வேண்டும். மாதாந்திரப் படிவம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி இருபதாம் தேதி. எனவே 21-ஆம் தேதிக்கு மேல் வரும் விடுமுறை நாளே பொருத்தமானது. மார்ச் கடைசியில் வேண்டாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய மாதத்தில் வேண்டவே வேண்டாம். உங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள் எது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் மின்சாரம் போனால் தொல்லை. மேசைக் கணிப்பொறிக்கு யுபிஎஸ் பேட்டரி நல்ல நிலையில் இருக்க வேண்டும். மடிக்கணினியைச் சார்ஜரில் செருகியபடி செய்ய வேண்டும்.

இறக்க வேண்டியது பல ஜிபி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி என்று வரம்புள்ள கைபேசி இணைப்பை வைத்துத் தொடங்கினால் பாதியில் நின்று விழிக்க வேண்டியதுதான். வரம்பில்லாத பிராட்பேண்ட் இணைப்பு உள்ள இடத்தில் செய்யுங்கள். வன்தட்டின் சி பிரிவில் முப்பது ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

மாற்றும் நாளும் அடுத்த பத்து நாளும்

அன்று காலை இன்னொரு முறை நகல் எடுங்கள். முந்தைய நகலில் நேற்றைய பில்கள் இருக்காது. பிரிண்டர், டோக்கன், வெளி வன்தட்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்' பகுதிக்குப் போய்த் தொடங்குங்கள். அங்கே அழைப்பு வரவில்லையென்றால் மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்தில் 'இன்ஸ்டலேஷன் அசிஸ்டென்ட்' என்ற நிரல் கிடைக்கும். வேறு எங்கிருந்தும் இறக்காதீர்கள். 2022-இல் விண்டோஸ் 11 தருவதாக மைக்ரோசாஃப்ட் தளம் போலவே ஒரு போலித் தளம் அமைத்து, கடவுச்சொல் திருடும் நிரலைப் பரப்பினார்கள். "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, இந்த நிரலை ஏற்றுங்கள், நாங்களே மாற்றித் தருகிறோம்" என்று தொலைபேசி வந்தால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். வங்கிக்குச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

மாற்றம் முடிய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். பழைய கணிப்பொறியில் இன்னும் நேரம் பிடிக்கும். இடையில் பலமுறை தானே அணைந்து துவங்கும். திரை அசையாமல் நிற்கிறதே என்று சுவிட்சை அணைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் விடுமுறை நாள்.

முடிந்ததும் குறித்துவைத்த நான்கு எண்களை எடுங்கள். டாலியைத் திறந்து ஒப்பிடுங்கள். பிறகு ஒரு மாதிரி பில் அச்சிடுங்கள், பார்கோடு வாசியுங்கள், ஜிஎஸ்டி தளத்துக்குள் நுழையுங்கள், டோக்கனைச் செருகிப் பாருங்கள். ஏதாவது ஒன்று வேலை செய்யவில்லை, சரிசெய்யவும் முடியவில்லை என்றால், மேம்படுத்திய பத்து நாட்களுக்குள் பழைய விண்டோஸுக்கே திரும்பிவிட முடியும். செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'ரெகவரி', 'கோ பேக்' என்பது அதற்கான வழி. பத்து நாள் கடந்தால் பழைய பதிப்பைக் கணிப்பொறி தானாகவே அழித்துவிடும். இடம் பிடிக்கிறதே என்று 'விண்டோஸ் டாட் ஓல்டு' ஃபோல்டரை நீங்களே முன்னதாக அழித்துவிட்டாலும் திரும்ப வழியில்லை. ஆகவே எல்லாச் சோதனையையும் முதல் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். திரும்புவதானாலும் அன்றைய கணக்கை நகல் எடுத்த பின்பே திரும்புங்கள்.

அந்தப் பத்து நாட்களில் டாலியைப் புதிய பதிப்புக்கு மாற்றாதீர்கள். ஆன்டிவைரஸை மாற்றாதீர்கள். ஒரே சமயத்தில் இரண்டு மாற்றம் செய்தால், கோளாறு எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று. புதிய விண்டோஸ் உங்கள் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் ஃபோல்டர்களை 'ஒன்டிரைவ்' என்னும் இணையச் சேமிப்பில் வைக்கவா என்று கேட்கும். அவசரத்தில் 'சரி' என்று அழுத்திவிடுவோம். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. அது நிரம்பியதும் பணம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியம், கணக்குத் தரவு அந்த ஃபோல்டருக்குள் இருந்தால், நீங்கள் பில் போடும் அதே நேரத்தில் அந்தக் கோப்பை இணையத்துக்கு அனுப்பவும் முயலும். கணக்குத் தரவை அதற்கு வெளியே தனி ஃபோல்டரில் வைத்திருப்பதே பாதுகாப்பு.

தகுதி பெறாத கணிப்பொறியை என்ன செய்வது?

ஏழாம் தலைமுறைக் கணிப்பொறி நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் தள்ளிவிட யாருக்கும் மனம் வராது. தடையைச் சுற்றிப்போய் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு, ஏற்றவும் முடியும். ஆனால் அத்தகைய கணிப்பொறிக்குத் திருத்தங்கள் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே கூறியிருக்கிறது. திருத்தத்துக்காகத்தானே மாறுகிறோம்? கணக்கு இருக்கும் கணிப்பொறியில் இந்தக் குறுக்குவழி வேண்டாம்.

சொந்த உபயோகக் கணிப்பொறிகளுக்கு விண்டோஸ் 10 திருத்தங்களை 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதில் சேர விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொள்வோருக்குக் கட்டணம் இல்லை; மற்றவர்களுக்கு 30 டாலர். இது வீட்டுக் கணிப்பொறிகளுக்கானது. நிறுவன வலையமைப்பில் சேர்த்த கணிப்பொறிகளுக்குத் தனித் திட்டம், தனிக் கட்டணம். எப்படியானாலும் இது தவணை வாங்குவதுதான், கடன் தீர்ந்துவிடாது.

லினக்ஸ் என்னும் இலவச இயக்க மென்பொருளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். பிள்ளைகள் படிக்கவும் இணையம் பார்க்கவும் மட்டும் பயன்படும் கணிப்பொறிக்கு உபுண்டு போன்றவை நன்றாகவே பொருந்தும்; பழைய கணிப்பொறிக்குப் புது உயிர் வரும். டாலி வைத்திருக்கும் வணிகருக்கு அவ்வளவு எளிதல்ல, ஏனெனில் டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. நமக்குச் சரியாகப் படும் வழி வேறு. பழைய கணிப்பொறியில் இணையத்தை முழுதாகத் துண்டித்துவிட்டு, டாலி கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வங்கி, ஜிஎஸ்டி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் திருத்தம் பெறும் வேறொரு கணிப்பொறியில் செய்யலாம். இரண்டுக்கும் இடையே போய்வரும் பென் டிரைவை ஒவ்வொரு முறையும் வைரஸ் சோதனை செய்ய வேண்டும். சற்றுத் தொல்லைதான். ஆனால் புதுக் கணிப்பொறிக்குப் பணம் சேரும்வரை இது போதும்.

புதியது வாங்குவோர் பழைய கணிப்பொறியில் உள்ள டாலி உரிமத்தை முதலில் 'சரண்டர்' செய்ய வேண்டும். அது நடக்காமல் பழையதைக் கொடுத்துவிட்டால் புதியதில் உரிமத்தை இயக்கத் தாமதமாகும். பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சுக்கோ காயலான் கடைக்கோ கொடுக்கும்போது வன்தட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். கோப்புகளை அழித்துவிட்டோம் என்பது போதாது. அழித்ததை மீட்டெடுக்கும் நிரல்கள் கடைத்தெருவிலேயே கிடைக்கின்றன. உங்கள் கொள்முதல் விலையும் வாடிக்கையாளர் பட்டியலும் போட்டிக் கடைக்காரர் கையில் கிடைக்கக் கூடாதல்லவா? கழற்றிய வன்தட்டின் மேல் எந்தெந்த ஆண்டுக் கணக்கு என்று எழுதி, அந்த 72 மாதம் முடியும்வரை பீரோவிலேயே வைத்திருங்கள்.